காதை இறுக மூடியும் சத்தம் கேட்கிறதா? எது கசிவு, எது எலும்பு, எது உங்கள் உடம்பு என்று பிரித்துப் பார்க்கும் முறை

காதுக்குள் இயர்பிளக்கைச் செருகிய பிறகும் ஜெனரேட்டர் உறுமுகிறது, பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை கேட்கிறது. போதாததற்கு, அதுவரை இல்லாத ஏதோ ஒரு முனகலும் சேர்ந்துகொள்கிறது. பிளக் மட்டமான சரக்கு என்று பலரும் அத்தோடு அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சில சமயம் பிளக்தான் குற்றவாளி. ஆனால் காது சரியாக அடைபட்டதால் மட்டுமே கேட்கிற சத்தங்களும் உண்டு. அவற்றைக் கசிவு என்று நினைத்து பிளக்கை இன்னும் அழுத்தினால் காது வலிக்குமே தவிர சத்தம் குறையாது.

மூடிய காதுக்குச் சத்தம் நான்கு வழிகளில் வந்து சேர்கிறது. அடைப்பின் ஓரத்து இடுக்குகளில் காற்று வழியாக நுழைவது ஒன்று. அடைப்பே மொத்தமாக அதிர்ந்து உள்ளே இருக்கும் காற்றை அசைப்பது இன்னொன்று. மூன்றாவதாக, வெளிச்சத்தமோ தரை, கட்டில், மேசை ஆகியவற்றின் அதிர்வோ மண்டையோட்டை அசைத்து நேரே உட்காதுக்குப் போய்விடுகிறது. நான்காவது, நம் உடம்புக்குள்ளேயே பிறக்கும் சத்தம். முதலாவதை முழுக்கச் சரிசெய்யலாம், இரண்டாவதை ஓரளவு குறைக்கலாம். மற்ற இரண்டுக்கும் காதில் எதை அடைத்தாலும் பயனில்லை. அவற்றுக்கு வழி வேறு.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு ஜோடி ஃபோம் இயர்பிளக், ஒரு எவர்சில்வர் குழம்புக் கரண்டி, ஒரு மீட்டர் சணல் கயிறு அல்லது முறுக்கேறிய பருத்தி நூல், டம்ளர் ஒன்று, செம்பு ஒன்று, செல்போன் இவை போதும். காதில் சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தாலோ, காதில் அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ எதையும் உள்ளே செருகாதீர்கள்.

மூடும் விதமே ஒரு சத்தம்

உள்ளங்கையைக் குவித்துக் காதின் மேல் வைத்தால் ‘ஓ’வென்று ஓர் இரைச்சல் கேட்கும். சங்கைக் காதில் வைத்தால் கேட்பதும் இதுவேதான். ரத்தம் ஓடும் சத்தம் என்று இதைப் பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல என்பதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். முதலில் டம்ளரைக் காதில் கவிழ்த்துக் கேளுங்கள், அடுத்து செம்பை. செம்பின் இரைச்சல் தாழ்ந்த சுருதியில் இருக்கும். பாத்திரத்தை மாற்றினால் ரத்த ஓட்டம் மாறுமா? பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்துங்கள், இரைச்சல் தேய்ந்துபோகும். அறையில் ஏற்கெனவே கலந்திருக்கும் மெல்லிய சத்தங்களில், அந்தப் பாத்திரத்தின் காற்றறைக்கு ஒத்துவரும் அதிர்வெண்களை மட்டும் அது பெரிதாக்கித் தருகிறது. பாத்திரம் காதோடு முழுக்க ஒட்டாமல் ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தால்தான் இது நன்றாகக் கேட்கும்.

ஆகவே காதை மூடிப் பார்க்கும் சோதனைகளுக்கு உள்ளங்கை உதவாது. காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி, சிறு மூக்கு மாதிரி நீண்டிருக்கும் குருத்தெலும்பு மேட்டை ஆள்காட்டி விரலால் உள்நோக்கி அழுத்துங்கள். துளை அப்படியே மூடிக்கொள்ளும். விரல் உள்ளே போகவில்லை, நகம் கீறாது, கசிவும் குறைவு. சில நொடிச் சோதனைகளுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. நீண்ட சோதனைக்கு ஃபோம் பிளக்.

அந்த ஆழ்ந்த உறுமல்: தசையின் சத்தம்

முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு கட்டைவிரல் நுனிகளையும் காதுத் துளையில் மெல்ல வைத்து அழுத்துங்கள். தொலைவில் லாரி ஓடுவதுபோல் தாழ்ந்த உறுமல் ஒன்று கேட்கும். இப்போது மற்ற நான்கு விரல்களையும் இறுக முஷ்டி பிடியுங்கள். உறுமல் கூடும். தளர்த்தினால் குறையும்.

வேலை செய்யும் தசை எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதன் நார்கள் எல்லாம் ஒரே சீராக இழுப்பதில்லை. நரம்புத் தூண்டலுக்கு ஏற்ப மாறிமாறிச் சுருங்குகின்றன. அந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரை இருக்கும். மனிதக் காதின் கேட்கும் எல்லையே 20 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 20 அதிர்வில்தான், தொடங்குகிறது என்பதால், இது ஸ்வரமாகக் கேட்காமல் அரைகுறை உறுமலாகக் கேட்கிறது. இங்கிலாந்து வேதியியலாளர் வில்லியம் ஹைடு வொலாஸ்டன் 1810-இல் இதை ஆராய்ந்து எழுதினார். அவர் செய்ததும் இதே கட்டைவிரல் சோதனைதான். தூரத்தில் கல்பாவிய சாலையில் வண்டிகள் விரைவாக ஓடும் ஒலிக்கு அவர் இதை ஒப்பிட்டார்.

கட்டைவிரலை எடுத்துவிட்டு ஃபோம் பிளக்கைச் செருகி, கைகளை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். உறுமல் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்படியென்றால் அது கைத்தசையின் ஒலி. இனிப் பற்களை இறுகக் கடியுங்கள், திரும்ப வரும். இம்முறை அது தாடைத் தசையும் நெற்றிப்பொட்டில் உள்ள தசையும் எழுப்பும் ஒலி. கொட்டாவி விடும்போதும் கண்களை இறுக மூடும்போதும் உறுமல் கேட்டால், அது நடுக்காதில் செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் சிறு தசை சுருங்குவதால் வருவது. சிலர் நினைத்த மாத்திரத்தில் இந்தத் தசையைச் சுருக்குவார்கள். அதனால் கெடுதல் இல்லை.

பிளக் போட்டபடி மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினால் ‘தப் தப்’ என்று நாடித்துடிப்பு கேட்கும். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். எச்சில் விழுங்கும்போது வரும் ‘டிக்’ ஒலி, தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறப்பதால் வருவது. முறுக்கு கடித்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம், கடித்தே பாருங்கள்.

சொந்தக் குரல் ஏன் முழங்குகிறது

இந்தக் கட்டுரையின் கரு இதுதான். இதைப் புரிந்துகொண்டால் பிளக் சரியாகப் பொருந்தியதா என்று பார்க்கவும் அதுவே பயன்படும்.

வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் இழுங்கள். இழுக்கும்போதே வலது காதை மட்டும், முன்மேட்டை அழுத்தி மூடுங்கள். ஒலி சட்டென்று வலப்பக்கம் தாவும். கையை எடுத்தால் தலையின் நடுவுக்கு வந்துவிடும். காதை மூடினால் சத்தம் குறைய வேண்டும், இங்கே கூடுகிறது.

பேசும்போது தொண்டையும் வாயும் எழுப்பும் அதிர்வு மண்டை எலும்பு, தாடை, தசை எல்லாவற்றிலும் பரவுகிறது. காதுத் துளை சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள சிறு குழாய். அதன் வெளிப்பகுதி மெத்தென்ற குருத்தெலும்பு, உட்பகுதி எலும்பு. அதிர்வு வரும்போது மெத்தென்ற சுவர் உள்ளும் புறமும் அசைந்து குழாய்க்குள் இருக்கும் காற்றில் ஒலியை உண்டாக்குகிறது. காதுத் துளை திறந்திருந்தால் அந்த ஒலியின் தாழ்ந்த அதிர்வெண்கள் வெளியே ஓடிவிடும். துளையை அடைத்தால் போக வழியில்லாமல் அழுத்தமாகி செவிப்பறையைத் தள்ளும். 250, 500 ஹெர்ட்ஸ் பகுதியில் இந்தக் கூடுதல் 20 டெசிபல் வரை போகும். 1000 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது வெகுவாகக் குறைந்துவிடும், 2000-க்கு மேல் அநேகமாக இல்லை. குரல் ‘கூடுகிறது’ என்பதைவிட ‘கனக்கிறது’ என்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இரண்டு காதிலும் பிளக் போட்டு ஒரே சுருதியில், ஒரே பலத்தில் ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ என்று மாறிமாறிச் சொல்லிப் பாருங்கள். ‘ஆ’ சாதாரணமாக இருக்கும், ‘ஈ’யும் ‘ஊ’வும் தலைக்குள் முழங்கும். ‘ஆ’ சொல்லும்போது வாய் அகலத் திறந்திருப்பதால் ஒலி தாராளமாக வெளியேறுகிறது. அதன் ஆற்றலில் பெரும்பங்கு 700 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. ‘ஈ’க்கும் ‘ஊ’வுக்கும் வாய்க்குள் அழுத்தம் அதிகம், வலுவான பகுதி 300 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. காதடைப்பு பெரிதாக்கும் பகுதியும் அதேதான். ‘ஈ’ முழங்கவில்லை என்றால் பிளக் சரியாக அடைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் முழங்கினால், முழங்காத பக்கம் கசிகிறது. எந்தக் கருவியும் இல்லாமல் நொடியில் செய்யக்கூடிய பொருத்தச் சோதனை இது.

கச்சேரியில் பாடகர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுருதி சேர்ப்பதும் இதன் பயன்தான். பக்கவாத்தியமும் ஸ்பீக்கரும் போடும் சத்தத்தில் அமுங்கிப்போகும் தன் குரல் அந்த ஒரு காதில் தெளிவாகிவிடுகிறது. பதிவுசெய்த குரலைக் கேட்டு ‘இதுவா என் குரல்’ என்று முகம் சுளிப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. தன் குரலை நாம் காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் ஏறத்தாழ சம அளவில் கேட்கிறோம், பதிவில் எலும்புப் பங்கு இல்லை.

ஹியரிங் எய்ட் போட்டவர்கள் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கிறது என்று குறைப்படுவதும் இதே சிக்கல். கருவியின் ஒலியளவைக் குறைத்தால் தீராது. கருவியில் காதுக்குள் பொருந்தும் வார்ப்புப் பகுதியில் 1 முதல் 3 மி.மீ. வரை காற்றுத் துளை விடலாமா, திறந்த வகை முனை போடலாமா என்று செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். செவித்திறன் இழப்பு மிக அதிகமாக இருப்பவர்களுக்குப் பெரிய துளை ஒத்துவராது, ஒலி வெளியே கசிந்து ‘கீ’யென்று விசிலடிக்கும்.

திடப்பொருள் வழி வரும் சத்தம்

கரண்டியைக் கயிற்றின் நடுவில் கட்டுங்கள். கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளிலும் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த விரல்களைக் காதுத் துளையில் வையுங்கள். முன்னால் குனிந்து கரண்டி எதிலும் படாமல் தொங்க விட்டு, மேசை விளிம்பில் லேசாக இடிக்க விடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ‘டிங்’ என்ற சாதாரணச் சத்தம், உங்களுக்குக் கோயில் மணியின் நாதம், பல நொடிகள் நீளும்.

கரண்டியின் தாழ்ந்த அதிர்வுகளைக் காற்றில் தள்ளும் அளவுக்கு அதற்குப் பரப்பு இல்லை, அதனால் வெளியே கேட்பதில்லை. கயிறு அவற்றை விரலுக்கும், விரல் காதின் குருத்தெலும்புக்கும் கொண்டுசேர்க்கிறது. காது மூடியிருப்பதால் மேலே சொன்ன பெருக்கமும் சேர்ந்துகொள்கிறது. மணி ஒலிக்கவில்லை என்றால் மூன்று காரணங்கள்தான்: கரண்டியோ கயிறோ சட்டையில் பட்டிருக்கும், கயிறு இழுவிசை இல்லாமல் தொய்ந்திருக்கும், அல்லது ரப்பர் நூலோ கம்பளி நூலோ எடுத்திருப்பீர்கள். நீளும் நூல் அதிர்வைத் தின்றுவிடும்.

அடுத்தது செல்போன். வைப்ரேட்டரில் போட்டு, பிளக் செருகிய காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டில் ஒரு மூலையை அழுத்தி வைத்து யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள். பிளக்கை எடுத்தபின் மறுபடி கேளுங்கள். பிளக் இருக்கும்போதுதான் சத்தம் அதிகம். எலும்புவழி இயர்போன்கள் வேலை செய்வது இப்படியே. கன்ன எலும்பில் உட்காரும் அந்த இயர்போனைப் போட்டுக்கொண்டு காதில் பிளக்கும் செருகினால், இரைச்சலான இடத்திலும் பேச்சுத் தெளிவாகும், பாஸ் கூடும். ஆனால் சாலையில் நடக்கும்போது இந்த யோசனை வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்த இயர்போனை வாங்குகிறோம்.

எலும்பு வழியாக வந்தாலும் காற்று வழியாக வந்தாலும் கடைசியில் உட்காதில் ஒலியை உணரும் நத்தைச் சுருள் வடிவ உறுப்பான காக்ளியா ஒரே மாதிரிதான் அசைகிறது. ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஃபான் பெகேஷி 1932-இல் இதை அழகாகக் காட்டினார். எலும்பு வழியே செலுத்திய 400 ஹெர்ட்ஸ் ஒலியை, காற்று வழியே அதே அதிர்வெண்ணில் எதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்படி, இன்னொரு ஒலியைச் செலுத்தி முழுக்க அணைத்துவிட்டார். இரண்டும் உள்ளே வெவ்வேறு விதமாக வேலை செய்திருந்தால் ஒன்றையொன்று அணைத்திருக்க முடியாது. செவியின் இயக்கத்தைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1961-இல் மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது.

எவ்வளவு அடைத்தாலும் தாண்ட முடியாத எல்லை

காற்றில் வரும் ஒலி தலையில் மோதும்போது அதில் மிகப் பெரும்பகுதி திரும்பிப் போய்விடுகிறது. காற்றுக்கும் உடம்பின் திரவத்துக்கும் அவ்வளவு வேறுபாடு. காற்றிலிருந்து நீருக்குள் நேரே புகும் ஒலியாற்றல் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்தச் சொற்பம் மண்டையோட்டை அசைத்து உட்காதைத் தொட்டுவிடுகிறது. அதனால் காதுத் துளையைக் கான்கிரீட் போட்டு அடைத்தாலும் ஏறத்தாழ 40 முதல் 50 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. 2000 ஹெர்ட்ஸ் பகுதியில் இந்த எல்லை இன்னும் நெருக்கம், 40 அளவிலேயே நின்றுவிடும்.

100 டெசிபல் போடும் ஜெனரேட்டர் அறையில், எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும், உங்களுக்கு 50, 60 டெசிபல் அளவில், அதாவது சாதாரணப் பேச்சளவில், கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பிளக்குக்கு மேல், காதை முழுக்க மூடும் கிண்ணம் போன்ற இயர்மஃபும் போட்டால் இரண்டின் எண்களையும் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. கூடுதலாகக் கிடைப்பதைக் கணக்கில் 5 டெசிபல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் என்.ஆர்.ஆர். எண்ணையும் (எத்தனை டெசிபல் குறைக்கும் என்று சொல்லும் எண்) அப்படியே நம்பக் கூடாது. ஃபோம் பிளக்கில் அதிகபட்சமாக 33 என்று இருக்கும். அது ஆய்வுக்கூடத்தில், சொல்லிக்கொடுத்துச் செருகவைத்து அளந்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் எளிய கணக்கு இது: எண்ணிலிருந்து 7 கழித்து, மீதியில் பாதி. 33 என்றால் 13. பட்டறையில் 95 டெசிபல் இருந்தால் காதுக்குப் போவது 82 என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் நேரம் பாதியாகும். இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90. காதுக்கு 85-ஐப் பிடித்துக்கொள்வதே நல்லது.

மிச்சம் கசிவா, எலும்பா?

மிக்ஸி, வேகமாக ஓடும் மின்விசிறி, திறந்த குழாய் என்று ஒரே அளவில் நீடிக்கும் சத்தத்தின் பக்கத்தில் நில்லுங்கள். பிளக் போட்ட காதுகளின் மேல் உள்ளங்கைகளை இறுக அழுத்தி எடுத்து, மறுபடி அழுத்தி எடுங்கள். அழுத்தும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் கசிகிறது. பெரிய மாற்றம் இல்லை என்றால் பிளக் தன் வேலையைச் செய்துவிட்டது, மிச்சம் வேறு வழியில் வருகிறது.

சிறு கசிவு முதலில் தாழ்ந்த சத்தங்களைத்தான் உள்ளே விடும் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் பேச்சு மங்கி, ஜெனரேட்டர் மட்டும் தாராளமாகக் கேட்கும்போது ‘பாஸ் எதிலும் நிற்காது’ என்று கைவிட்டுவிட வேண்டாம், முதலில் பிளக்கை மறுபடி செருகிப் பாருங்கள். சரியாகச் செருகியபின்னும் தவிலும் திருவிழா ஸ்பீக்கரின் பாஸும் நெஞ்சில் இடிக்கும்தான். அதை உடம்பு முழுதும் உணர்கிறது, காதுக்குச் சம்பந்தம் குறைவு.

பேசும்போதும் மெல்லும்போதும் மட்டும் வெளிச்சத்தம் கூடினால், தாடை அசைவு காதுக் குழாயின் வடிவத்தை மாற்றி பிளக்கை வெளியே தள்ளுகிறது என்று பொருள். ஒரு சுற்று பெரிய அளவோ, அல்லது கடினமான பிளக்குக்குப் பதில் மெத்தென்ற ஃபோமோ தேவை. இயர்மஃபில் கசிவு என்றால் பத்தில் ஒன்பது முறை மூக்குக்கண்ணாடிக் காம்போ, காதோர முடியோதான் காரணம்.

ஃபோம் பிளக் செருகும் முறை

1. கையைக் கழுவித் துடையுங்கள். ஈரக் கையில் ஃபோம் சரியாகச் சுருளாது.
2. பிளக்கை விரல்களுக்கு நடுவே உருட்டி, மடிப்பு இல்லாத மெல்லிய குச்சியாக்குங்கள். பிசைந்தால் மடிப்பு விழும், அந்த மடிப்பே பிறகு கசிவுப் பாதையாகும்.
3. வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த குழாய் நேராகும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை, பெரும்பாலான கசிவும் அதனால்தான்.
4. வலது கையால் பிளக்கைச் செருகி, விரல் நுனியால் 30 விநாடி பிடித்திருங்கள். ஏசி அறையில் ஃபோம் மெதுவாக விரியும், இன்னும் சற்று நேரம் பிடியுங்கள்.
5. ‘ஈ’ சொல்லிப் பாருங்கள்.

முன்னால் இருந்து பார்ப்பவருக்கு பிளக்கின் முனை காதிலிருந்து துருத்தித் தெரியக் கூடாது, ஆனால் எடுக்க வசதியாக விரலுக்கு எட்ட வேண்டும். முக்கால் பங்காவது உள்ளே போயிருந்தால் குரல் முழக்கமும் சற்றுக் குறையும், ஏனென்றால் அசைகிற மெத்தென்ற சுவரை பிளக்கே மூடிவிடுகிறது. அதற்காக நீளமான பொருளைக் கொண்டு ஆழமாகத் தள்ளக் கூடாது. எடுக்கும்போது மெல்லத் திருகி, காற்று புக விட்டு எடுங்கள். சட்டென்று உருவினால் செவிப்பறை இழுபட்டு வலிக்கும்.

ஃபோம் பிளக்கைக் கழுவி மறுபடி போடுவது வீண், அதன் விரியும் தன்மை போய்விடும். அடுக்கு வளையம் கொண்ட சிலிக்கான் பிளக்கை மட்டும் சோப்பு நீரில் கழுவலாம். வெறும் பஞ்சு எதையும் பெரிதாகத் தடுக்காது, இழைகளுக்கு நடுவே காற்று போய்வருகிறதே.

தூங்கும்போது

இரவில் தொல்லை தரும் சத்தத்தில் கணிசமான பங்கு கட்டில் வழியாக வருகிறது. பிளக் போட்டுப் படுத்திருக்கும்போது சத்தம் கேட்டால், தலையைத் தலையணையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் அது தரை, சுவர், கட்டில் வழியாக வருவது. கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் துண்டு வையுங்கள். போனைக் கட்டிலில் வைத்து சார்ஜ் போடாதீர்கள், அதன் வைப்ரேட்டருக்கு பிளக் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் மோட்டார் சத்தம் என்றால் மோட்டாருக்கு அடியில் ரப்பர் போடச் சொல்வதுதான் வழி.

ஒருக்களித்துப் படுத்தால் நாடித்துடிப்பு கேட்பது தலையணை காதை அடைப்பதால். நடுவில் குழிந்த தலையணையோ, மல்லாந்து படுப்பதோ அதைத் தீர்க்கும். இயர்போன் போட்டு நடக்கும்போது ஒவ்வொரு அடியும் ‘தொம் தொம்’ என்று கேட்பதும் இந்தக் குடும்பம்தான்: குதிகால் அதிர்வு எலும்பில் ஏறி, அடைபட்ட காதில் பெருகுகிறது. ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் போட்டால் உரசல் சத்தமாவது குறையும்.

காது திறந்திருக்கும்போதே இப்படிக் கேட்டால்

ஒரு காது அடைத்ததுபோல் இருந்து, சொந்தக் குரல் அந்தப் பக்கம் முழங்கினால் பெரும்பாலும் குறும்பி, அல்லது சளியால் நடுக்காதில் நீர். பட்ஸ் போட்டால் குறும்பி இன்னும் உள்ளே போகும், மருத்துவரே எடுக்கட்டும்.

காலையில் எழும்போது திடீரென ஒரு காது கேட்கவில்லை என்றால் ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். மருத்துவர்கள் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் இரு கிளை உலோகக் கவை) நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் எளிய வடிவம் இது. ஜெர்மானியர் ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஒலி அடைத்த காதின் பக்கம் போனால், அடைப்பு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒலி நல்ல காதின் பக்கம் போனால், உட்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்த இரண்டாவது நிலையில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே பலன் தரும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முனகல் சோதனை மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. ஒலி எந்தப் பக்கம் போனாலும், திடீரென்று செவி மங்கினால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், ஒலி எந்தப் பக்கம் போயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

காதை மூடாமலேயே ஒரு பக்கம் நாடித்துடிப்பு நாள்கணக்கில் கேட்பது, கண்ணை உருட்டும்போது கண்ணசைவே ஒலியாகக் கேட்பது, சொந்த மூச்சு காதுக்குள் ஓடிக்கொண்டே இருப்பது ஆகியவற்றையும் காட்ட வேண்டும். கண்ணசைவு கேட்பது உட்காதின் அரைவட்டக் குழாய் ஒன்றின் எலும்புச் சுவரில் திறப்பு ஏற்பட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். 1998-இல்தான் இந்த நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இருமும்போதும் உரத்த சத்தத்திலும் தலைசுற்றினால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டு, படுத்தவுடன் மறைந்தால், தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழாய் மூடாமல் இருப்பது காரணமாக இருக்கலாம். உடல் எடை வேகமாகக் குறைந்தவர்களுக்கு இது வருவதுண்டு என்பதால், மருத்துவர் எடையைப் பற்றிக் கேட்பார்.